தாரை வார்த்த குரல்

அனந்தலக்ஷ்மி வசனத்தை முடித்து வாயை மூடிக்கொண்டாள். ஆனால் கண்ணாடிக்கு அந்தப்புறம் நாடகத் தயாரிப்பாளர் தேசிகன் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்.

காதில் ஹெட்ஃபோன், மூடிய கண்கள், உயர்த்திய ஒரு கை. அந்தக் கை இறங்கும்வரை ஸ்டுடியோவுக்குள் யாரும் தும்மக்கூடக் கூடாது என்பது வானொலி நிலையத்தில் எழுதாத சட்டம். சுவரெல்லாம் ஓட்டை ஓட்டையாகப் பலகை அடித்து, தரையெல்லாம் கம்பளம் விரித்து, ஒரு ஜன்னல்கூட இல்லாமல் கட்டிய அந்த அறையில் பேச்சு உதட்டைத் தாண்டியதும் செத்து விழும். எதிரொலி என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் மைக்குக்கு எதிர்ப்புறம் அரசன் வேஷத்தில் நின்ற கோவிந்தப்பாவின் வயிறு இரைவதுகூட அவளுக்குக் கேட்டது. கீழே மண்டியிட்டிருந்த நாணு சாய்த்த செம்பை நிமிர்த்தாமல் அப்படியே பிடித்திருந்தான். குதிரை ஓடுவதற்குக் கொட்டாங்கச்சி, மழைக்குச் சல்லடையில் கடுகு என்று நாடகத்துக்குச் சத்தம் தயாரிக்கிறவன் அவன். செம்பு காலியாகி வெகுநேரமாகிவிட்டது. தேசிகனின் கை மட்டும் இறங்கவில்லை.

கடைசியில் இறங்கியது. மேலே இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது.

"பிரமாதம்மா! முடிச்சப்புறம் ஒரு பெருமூச்சு விட்டேளே, அப்புறம் அந்தச் சின்னச் சிரிப்பு, அதை ஒலிபரப்பு அன்னிக்கும் அப்படியே விடுங்கோ. ஆனா ஒண்ணு. சோமநாச்சின்னு சொல்ல வேண்டிய இடத்துல உங்க பேரைன்னா சொல்லிட்டேள்!"

எல்லோரும் சிரித்தார்கள். கோவிந்தப்பா தொப்பையைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். அனந்தலக்ஷ்மியும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்துவைத்தாள். அவள் பெருமூச்சு எதுவும் விடவில்லை. சிரிக்கவும் இல்லை.

பேர் தவறியதற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். கல்யாணமாகிப் பத்து வருஷம் குழந்தையில்லாமல் அவள் செய்யாத விரதமில்லை. ஒவ்வொரு தடவையும் வாத்தியார் உள்ளங்கையில் தீர்த்தத்தை விட்டு, "பேரைச் சொல்லுங்கோ" என்பார். இவள் "அனந்தலக்ஷ்மி" என்பாள். அப்படிப் பழகிப்போன நாக்கு. இங்கே தேசிகன், தாரை வார்க்கிற சத்தம் விரல் வழியாகத் தண்ணீர் ஒழுகினால்தான் தத்ரூபமாக இருக்கும் என்று பிடிவாதம் பிடித்து, நாணுவை அவள் கையிலேயே தண்ணீரை ஊற்றச் சொல்லியிருந்தார். உள்ளங்கை நனைந்ததும் நாக்கு தன்பாட்டுக்கு ஓடிவிட்டது. 'அனந்தலக்ஷ்மியாகிய நான், சந்திராதித்தர் உள்ளவரைக்கும், என் குரலைத் தாயே உனக்குத் தாரை வார்த்துத் தந்தேன்.'

நாடகம் ஹொய்சள ராஜாக்கள் காலத்துக் கதை. ஓர் ஏரிக்கரையில் ஒரு பெண்தெய்வம். கண், மூக்கு, காது எல்லாம் செதுக்கிய சிற்பி வாயை மட்டும் செதுக்காமல் விட்டுவிட்டான். ஏன் விட்டான் என்று யாருக்கும் தெரியாது. போரில் தோற்கப்போகிற அரசன் அதனிடம் குறி கேட்க ஆசைப்படுகிறான். வாயில்லாத தெய்வம் எப்படிச் சொல்லும்? சோமநாச்சி என்ற பாடகி தன் குரலை அதற்குத் தானம் கொடுக்கிறாள். குரல் கிடைத்த தெய்வம் குறி சொல்லவில்லை. ஊரிலுள்ளவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தொடங்குகிறது. பிரியமானவர்களின் குரல் கேட்கிறதே என்று ஒவ்வொருவராக ஏரிக்குள் இறங்கிப் போகிறார்கள். கடைசியில் அரசனும் போகிறான். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்பதற்கு ஜோரான கதைதான்.

தேசிகனுக்கு இதெல்லாம் கிடைத்தது பெங்களூருக்கு வெளியே அத்திபெலே தாண்டி ஒரு வற்றிய ஏரியின் கரையில், முள்ளுக்குள் சாய்ந்துகிடந்த ஒரு தமிழ்க் கல்வெட்டில். அந்தத் தான வாசகத்தை ஓர் எழுத்து மாற்றாமல் நாடகத்தில் சேர்த்திருக்கிறார். "கொடுத்தவ பேர் இருந்த இடத்தை மட்டும் யாரோ உளியால கொத்தி எடுத்திருக்கான். மத்த எழுத்தெல்லாம் நன்னா இருக்கு. சோமநாச்சிங்கறது நானா வெச்ச பேர்" என்று முதல் நாளே எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார்.

நாணு கம்பளத்தில் சிந்தியதைத் துணியால் ஒற்றிக்கொண்டே முகத்தைச் சுளித்தான். "குழாய்த் தண்ணிதான் புடிச்சேன், அம்மா. என்னமோ பாசி நாத்தம் அடிக்குது பாருங்க."

அடித்தது. கலக்கிவிட்ட குளத்தின் வாடை. அனந்தலக்ஷ்மி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். எத்தனை துடைத்தும் உள்ளங்கை காயவில்லை.

*

அல்சூர் ஏரியை ஒட்டிய சந்தில் அவர்களுடைய வீடு. வரிசையாக ஒட்டிக் கட்டிய ஓட்டுவீடுகள். முன்பக்கம் சந்து, புழக்கடைக் கதவைத் திறந்தால் ஏரிக்கரை. புருஷன் சுந்தரேசன் சர்க்கார் உத்தியோகத்தில் இன்ஸ்பெக்ஷனுக்காக சிமோகா போயிருந்தான். ஒத்திகை நாட்களில் ஏழு வயது மகள் ருக்குவைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டு ஆங்கிலோ-இந்தியப் பெண் மௌரீன். கண்டோன்மென்ட் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். சந்திலேயே ரேடியோ வைத்திருப்பவளும் அவள் ஒருத்திதான்.

அன்று சாயங்காலம் போனபோது மௌரீன் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். முகத்தில் கோபம்.

"என்ன அனந்தா, மத்தியானம் வந்தவ உள்ளே வராம பின்னாடி நின்னுட்டு பேபியைக் கூப்புடறே? அந்தக் குட்டி சோத்துக் கையோட கதவைத் திறந்து தண்ணிகிட்ட போயிட்டா. நான்தான் ஓடிப்போய்ப் புடிச்சேன். பார்த்தா உன்னைக் காணோம். என்ன வெளையாட்டு மேன் இது?"

"நானா?" என்றாள் அனந்தலக்ஷ்மி. "நான் மத்தியானம் பூரா ஸ்டுடியோல இருந்தேனே."

சொன்ன குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. தொண்டையில் உமி அடைத்த மாதிரி கரகரத்தது. நவம்பர் மாதத்துப் பெங்களூர்க் குளிர், கூடவே நாளெல்லாம் ஒத்திகை; கட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மிளகுப்பால் காய்ச்சிக் குடித்தாள். ராத்திரி ருக்குவைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "மத்தியானம் யாருடி கூப்பிட்டா?" என்று கேட்டாள்.

"நீதான். 'ருக்குக்குட்டி, விளையாட்டு போறும், வா'ன்னு கூப்பிட்டியே."

ருக்குக்குட்டி என்று அவளைக் கூப்பிடுவது உலகத்திலேயே ஒருத்திதான். அவள் அனந்தலக்ஷ்மி. எழுந்துபோய்ப் புழக்கடைத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அடுத்த நாள் காற்றும் இல்லை. வலி கிடையாது, ஜுரம் கிடையாது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று அதிமதுரம் மெல்லச் சொன்னார். ஆனால் ஸ்டுடியோவில் போய் மைக் முன்னால் நின்று, சிவப்பு விளக்கு எரிந்து, அவள் வாயைத் திறந்த கணத்தில் குரல் வந்துவிட்டது. வெண்கலத்தில் தட்டின மாதிரி கணீரென்ற, பதினெட்டு வயதில்கூட அவளுக்கு இல்லாத குரல். இத்தனை வருஷமாக எதிர்வீட்டு மாமி, கல்யாணத்துக்கு வந்த அத்தை என்று இரண்டு வரி வேஷம் கட்டிக்கொண்டிருந்தவள், முதல்முறையாகக் கிடைத்த கதாநாயகி வேஷத்தில் தன் குரலைக் கேட்டுத் தானே பயந்துபோனாள். விளக்கு அணைந்ததும் குரலும் அணைந்தது. 'தண்ணீர் வேண்டும்' என்று நாணுவிடம் சைகைதான் காட்ட வேண்டியிருந்தது.

தேசிகனின் அறைக்குப் போய், வசனத்தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள். தாரை வார்க்கும் காட்சி வேண்டாம். என்னை விட்டுவிடுங்கள். பயமாக இருக்கிறது.

"பயமா? முதல் தடவை பெரிய வேஷம் பண்றவாளுக்கெல்லாம் வர்றதுதான்" என்று சிரித்தார் அவர். கெட்ட மனிதரில்லை, அவளைப் பார்த்து நிஜமாகவே பூரித்துப்போயிருந்தார். "மைக் முன்னாடி உங்களுக்குக் குரல் வந்துடறது பாருங்கோ, அதான் கலைஞி. வெளில பேசாம தொண்டைக்கு ஓய்வு குடுங்கோ. சனிக்கிழமை நேரடி ஒலிபரப்பு. ஊரெல்லாம் சொல்லியாச்சு."

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனந்தலக்ஷ்மி கூடத்தில் உட்கார்ந்து ருக்குவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். வெளியே தூறல். ஏரியிலிருந்து ஈரமான காற்று ஓட்டிடுக்கு வழியாக இறங்கி, அடுப்பில் புகையும் சவுக்கு விறகின் வாடையோடு கலந்து கூடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. தேங்காயெண்ணெய் தடவிய தலைமயிர் விரலுக்குள் வழுக்கி வழுக்கி ஓடியது. கொஞ்ச நேரம் அவளுக்கு எதுவும் நினைவில்லாமல் நிம்மதியாக இருந்தது.

"ருக்குக்குட்டி."

புழக்கடைப் பக்கத்திலிருந்து. அவளுடைய குரல். கொஞ்சலாக, லேசாக இழுத்து.

ருக்குவின் தலை வெடுக்கென்று அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு மெதுவாக நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தது. அம்மாவின் கண்களை அல்ல, வாயை. அனந்தலக்ஷ்மி உதட்டைப் பிரித்து, 'நான் இல்லை, நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்ல முயன்றாள். உதடு அசைந்தது. அவ்வளவுதான்.

"ருக்குக்குட்டி, இருட்டிப்போச்சு பாரு. வா."

"அம்மா கூப்பிடறா" என்றாள் ருக்கு, அம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே. எழுந்து நடக்க ஆரம்பித்தாள். பாதி பின்னிய ஜடை அனந்தலக்ஷ்மியின் கையில் விறைத்து நீண்டது. அதைத்தான் பிடித்து இழுத்தாள். இழுக்க வேண்டியிருந்தது, கூப்பிட்டு நிறுத்த அவளிடம் வேறு என்ன இருந்தது? குழந்தை அலறிக்கொண்டு விழுந்தது. கட்டிப்பிடித்தவளின் தோளைக் கடித்தது. "விடு! அம்மாகிட்டப் போகணும், விடு!" என்று கத்தியது. அனந்தலக்ஷ்மி சத்தமில்லாமல் அழுதுகொண்டே பிடித்த பிடியை விடவில்லை. புழக்கடைக் கதவுக்கு அந்தப்பக்கம் யாரோ பெருமூச்சு விட்டார்கள். பிறகு சின்னதாக ஒரு சிரிப்பு.

அந்த ராத்திரி முழுவதும் ஜடையைக் கையில் சுற்றிக்கொண்டு விழித்திருந்தாள். வீட்டோடு இருந்தாலும் ஆபத்துதான். குழந்தை இனி முகத்தை நம்பாது, குரலைத்தான் நம்பும். அந்தக் குரல் அவளிடம் திரும்பி வருவது ஒரே ஓர் இடத்தில்தான். அங்கே போக வேண்டும். எந்தத் தண்ணீரைக் கையில் வாங்கித் தந்தாளோ அதே தண்ணீரைக் கையில் வாங்கி, தரவில்லை என்று சொல்லிவிட வேண்டும். அதோடு மௌரீன் வீட்டு ரேடியோ வழியாக ருக்குவிடம் தன் வாயாலேயே சொல்ல வேண்டும், யார் கூப்பிட்டாலும் போகாதே என்று. நாடகம் நாசமாகப் போகட்டும். தேசிகன் இனிமேல் நிலையத்து வாசற்படி மிதிக்கவிடாவிட்டாலும் போகட்டும். குழந்தை இருந்தால் போதும்.

சனிக்கிழமை கிளம்பும்போது ருக்குவின் சிலேட்டில் எழுதிக் கொடுத்தாள். ருக்கு அதை, தமிழ் எழுத்துத் தெரியாத மௌரீனுக்கு, எழுத்துக்கூட்டிப் படித்தாள்: "கதவைத் திறக்காதே. நானே கூப்பிட்டாலும் திறக்காதே. ரேடியோவை மட்டும் போட்டு வை."

மௌரீன் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். அவளும் ஒரு தடவை அந்தக் குரலைக் கேட்டவளாயிற்றே. "நீ போ. பேபியை நான் பார்த்துக்கறேன். ப்ராமிஸ்."

*

சிவப்பு விளக்கு எரிந்தது.

முதல் காட்சிகள் எப்படிப் போயின என்று அவளுக்கு நினைவில்லை. கொட்டாங்கச்சிக் குதிரைகள் ஓடின. கோவிந்தப்பா சேனாதிபதிகள்மேல் சீறினார். பக்கங்களைச் சத்தமில்லாமல் நழுவவிட்டுக்கொண்டே அனந்தலக்ஷ்மி காத்திருந்தாள். பாசி வாடை கம்பளத்திலிருந்து எழும்பி, முழங்கால் அளவுக்கு வந்து, இடுப்பளவுக்கு வந்து, கடைசியில் மூக்குக்கே வந்துவிட்டது. மற்ற யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை.

நாணு செம்போடு மண்டியிட்டான். தண்ணீர் அவள் உள்ளங்கையில் விழுந்தது. சில்லென்றிருந்தது. விரல்களுக்கிடையே ஒழுகிப் பித்தளைத் தாம்பாளத்தில் சொட்டியது.

அவள் மைக்குக்கு நெருக்கமாகக் குனிந்து, இருந்த மூச்சையெல்லாம் திரட்டிச் சொன்னாள். நான் தரவில்லை. தந்தது தவறிப்போய்ச் சொன்னது. என் குரலைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். ருக்கு, அம்மா சொல்றேன் கேளு, யார் கூப்பிட்டாலும் போகாதே. கதவைத் திறக்காதே. ருக்கு!

தொண்டை அதிர்ந்தது. நாக்கு புரண்டது. எல்லாம் சரியாக நடந்தது.

யாரும் திடுக்கிடவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் தேசிகன் மேஜைமேல் விரித்த தாளில் விரலை வைத்து, வரிவரியாக, தலையை ஆட்டிக்கொண்டே வந்துகொண்டிருந்தார். அந்த விரல் எங்கும் தயங்கவில்லை. நாணுவின் கண்கள் கலங்கியிருந்தன. கோவிந்தப்பா தம் முறை வந்ததும் ஓரடி முன்னால் வந்து, "தேவி! கல்லுக்குள்ளிருந்து வருவது உன் குரலா?" என்றார், தாளில் எழுதியிருந்தபடியே.

அவள் மறுபடி கத்தினாள். தாளைக் கசக்கி எறிந்தாள். தேசிகன் காகிதச் சத்தத்துக்கு மட்டும் முகத்தைச் சுளித்து, உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

நாணுவின் ஹெட்ஃபோன் முக்காலியின்மேல் கிடந்தது. அதற்குள் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். எறும்பளவு சத்தம். அவள் குனிந்து காதில் வைத்துக்கொண்டாள்.

"...ருக்குக்குட்டி, கேக்கறதா? அம்மா ரேடியோக்குள்ள இருக்கேன். வா, பின்பக்கம் வா. தண்ணி எவ்வளவு நன்னா இருக்கு பாரு."

அனந்தலக்ஷ்மி ஓடினாள்.

இரட்டைக் கதவுகள். நடைக்கூடம். படிகள். நடைக்கூடத்துச் சுவரில் பதித்த ஒலிபெருக்கியில் நாடகம் தொடர்ந்துகொண்டிருந்தது. அவள் வெளியே வந்துவிட்டாள். உள்ளே அவள் வசனம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

தெருவில் தூறல். விளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. ஒரு ஜட்கா வண்டி வந்தது. கையை நீட்டினாள்.

"கிதர் ஜானா அம்மா? எங்கே போவணும்?" என்றான் வண்டிக்காரன். அவள் வாயைத் திறந்து மூடினாள். கிழக்கே கைகாட்டினாள். அவன் அவள் வாயைப் பார்த்தான். முகம் மாறியது. குதிரை முதுகில் சாட்டையை வீசிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

ஓட்டந்தான். செருப்பு அறுந்தது. விட்டுவிட்டு ஓடினாள். மூலைக் காபி ஹோட்டலில் ரேடியோ. வடையும் காபியுமாக உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'வாருங்கள் மக்களே, என் மடியில் இடமிருக்கிறது' என்று அது அழைத்தது. நாலு கட்டடம் தாண்டி ஒரு தையற்கடை; அங்கேயும் ரேடியோ. மாடிவீட்டு ஜன்னல். சைக்கிள் கடை. ஒன்றை விட்டு ஓடினால் அடுத்தது பிடித்துக்கொண்டது. நடுநடுவே, வசனத்துக்கும் வசனத்துக்கும் இடையில், தாழ்ந்த குரலில், ருக்குக்குட்டி. ருக்குக்குட்டி. கடைக்காரர்கள் யாரும் அதற்கு நிமிரவில்லை.

சந்துக்குள் திரும்பியபோது மின்சாரம் போயிருந்தது. வீடெல்லாம் இருட்டு. ஏரி வாடை. எந்த ரேடியோவும் பேச முடியாத இருட்டு. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஒரு கணந்தான்.

மௌரீன் வீட்டுக்குள் அனந்தலக்ஷ்மியின் குரல் கேட்டது.

கதவை இரண்டு கையாலும் அடித்தாள்.

உள்ளே மௌரீன் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருக்க வேண்டும். முணுமுணுத்துக்கொண்டிருந்த ஜெபம் சட்டென்று நின்றது. "யாரு? அனந்தாவா? நீதான்னா பேசு மேன். பேசு!"

அடித்தாள். அடித்தாள்.

"பேசாட்டி நான் திறக்கமாட்டேன். சேசுவே, மரியே, சூசையே..."

"திறக்காதே மௌரீன்" என்றது உள்ளே அவள் குரல்.

ஜன்னல். பக்கத்து ஜன்னல். கம்பிகளைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் முகத்தை அழுத்தினாள். கூடத்தில் ஒற்றை மெழுகுவத்தி. மேஜைமேல் ரேடியோ. அதன் முகப்பில் வெளிச்சமில்லை. ஊசிமுனை வெளிச்சங்கூட இல்லை. அதன் முன்னால் ருக்கு, அட்டணைக்கால் போட்டு, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, கதை கேட்கிற மாதிரி. மடியில் சிலேட்டு. மௌரீன் வாசல் கதவில் முதுகை அழுத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். புழக்கடைக் கதவு பக்கம் யாருமில்லை.

அனந்தலக்ஷ்மி கண்ணாடியைத் தட்டினாள்.

ருக்கு திரும்பினாள்.

"அங்கே பாக்காதே கண்ணு" என்றது ரேடியோ, அவசரமில்லாமல், கனிவாக. "அது அம்மா இல்லே."

ருக்கு பார்த்துவிட்டாள். ஜன்னலில் ஒட்டியிருந்த முகத்தைப் பார்த்தாள். அவள் கண்கள் அகன்றன. சிலேட்டு விழுந்து உடைந்தது. அனந்தலக்ஷ்மி இதுவரை கேட்டிராத ஓர் அலறல் அந்தச் சின்ன உடம்பிலிருந்து கிளம்பியது. எழுந்தாள். பின்பக்கமாகவே நகர்ந்தாள். சுவரில் மோதினாள்.

"வா. பின்பக்கம் வா. அம்மா இங்கே இருக்கேன்."

கொலுசுச் சத்தம் கூடத்தைத் தாண்டியது. சமையலறையைத் தாண்டியது.

எதைப் பார்த்துக் குழந்தை இப்படிப் பயந்தாள்? அனந்தலக்ஷ்மி கையை முகத்துக்குக் கொண்டுபோனாள். நெற்றி. கண். மூக்கு. மூக்குக்குக் கீழே. விரல் வழுக்கியது. வழவழவென்று, ஈரக் கல்லின் சில்லிப்போடு, மோவாய் வரைக்கும்.

உள்ளே புழக்கடைத் தாழ்ப்பாள் விலகியது.

"இதோ வந்துட்டேம்மா" என்றாள் ருக்கு.

அனந்தலக்ஷ்மியின் விரல்கள் முகத்தில் வாயைத் தேடிக்கொண்டே இருந்தன.